ஓராள் நாடகம் யாரிடம் பேசுகிறது?

வாசகர் கேள்வி, ஜூன் 3, 2024

12 நிமிட ஓராள் நாடகம் ஒன்றை எழுதி நாடக எழுத்துப் போட்டிக்கு அனுப்பியிருந்தேன். இறந்துபோன அண்ணனின் அறையைக் காலிசெய்ய வந்த முதியவர் ஒருவர், ஒவ்வொரு பொருளாக எடுத்து அதன் கதையைச் சொல்லிக்கொண்டே பெட்டியில் அடுக்குகிறார். முதற்சுற்றிலேயே திரும்பி வந்துவிட்டது. நடுவர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘நல்ல சிறுகதை, நாடகம் அல்ல.’ பரிசு பெற்ற பிரதிகளை எடுத்துப் பார்த்தால், அவற்றிலும் ஒருவர்தான் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். அவை நாடகம், என்னுடையது சிறுகதை என்றால், வேறுபாடு எங்கே இருக்கிறது?

ஜூன் 3, இரவு

உங்கள் பிரதியை வாசிக்காமல் அதன்மீது தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் வேறுபாட்டை நான் பரிசு பெற்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன் என்பதால், அந்த அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு 15 நிமிட ஓராள் நாடகம் ஒன்றை எழுதினேன். பிரசவ விடுதி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றிய செவிலி, தன் கடைசி இரவுப் பணியில் வெறிச்சோடிய கட்டில்களுக்கிடையே நடந்தபடி, தன் கையில் பிறந்த குழந்தைகளை நினைவுகூர்கிறாள். அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. மொழி செறிவாக இருக்கிறது என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். பரிசு பெற்ற மூன்று பிரதிகளையும் மேடையேற்றுவது அந்தப் போட்டியின் வழக்கம் என்பதால் ஒத்திகை தொடங்கியது. இரண்டாம் நாள் நடிகை பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, “இந்த அம்மா யாரிடம் பேசுகிறாள்?” என்று கேட்டார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்றேன். “தனக்குத்தானே பேசுகிறவள், தனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திகளை இவ்வளவு விளக்கமாகச் சொல்வாளா? ‘20 ஆண்டுகளுக்கு முன்பு நான் இங்கே வந்து சேர்ந்தபோது’ என்று யாராவது தன்னிடமே சொல்லிக்கொள்வார்களா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேடையில் அந்தப் பிரதி நான்காம் நிமிடத்தில் தளர்ந்துவிட்டது. நடிகை தன்னால் இயன்ற அனைத்தையும் செய்தார். பார்வையாளர் அவை அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அது எதையும் எதிர்பார்க்காத அமைதி. பரிசு வாங்கிய எழுத்து, பேசிக் கேட்டபோது ஏன் நிற்கவில்லை என்று அதன்பிறகு நீண்ட காலம் யோசித்தேன். நடுவர் தனியே உட்கார்ந்து வாசிக்கும்போது, பிரதியில் இல்லாத கேட்பவரின் இடத்தை அவரே நிரப்பிவிடுகிறார். செவிலி தன்னிடம் மனம் திறப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. 200 பேர் இருக்கும் அவையில் அந்த நெருக்கம் தானாக உண்டாவதில்லை, எழுதியவர்தான் உண்டாக்கித் தர வேண்டும்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. பின்னாளில் ஒரு போட்டியில் முதற்சுற்று வாசகராக மூன்று முறை பணியாற்றினேன். அங்கே என் கைக்கு வந்த ஓராள் பிரதிகளில் பெரும்பாலானவை நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. மொழிப் பிழைக்காக ஒதுக்கியவை மிகக் குறைவு. யாரிடம் பேசப்படுகிறது, ஏன் இன்று பேசப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பிரதிக்குள் விடை இல்லாமையால் ஒதுக்கியவையே அதிகம். இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கடினமானது. துயரம் பத்தாண்டுகளாக இருக்கிறது என்றால், பத்தாண்டுகளாக வாய் திறக்காதவர் இந்த மாலையில் ஏன் திறக்கிறார்?

உங்கள் முதியவருக்கு இரண்டாம் கேள்விக்கு விடை இருக்கிறது: அறையை இன்றே காலிசெய்தாக வேண்டும். அது நல்ல தொடக்கம். முதல் கேள்விக்கு விடை இருக்கிறதா என்பது நீங்கள் எழுதிய சுருக்கத்தில் தெரியவில்லை.

ஓராள் நாடகம் என்பது இருபதாம் நூற்றாண்டு கண்ட வடிவம் என்பதால் அதற்கு இன்னும் இலக்கணம் உறுதிப்படவில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஜூன் 4, மாலை

காலையில் எழுதிய கடைசி வாக்கியம் தவறு, திரும்பப் பெறுகிறேன்.

இரண்டு சான்றுகளே போதும். கிரேக்க நாடகம் பாடற்குழுவுக்கு எதிரே ஒரே ஒரு நடிகர் வந்து நின்றதிலிருந்து தொடங்குகிறது. மரபு அந்த முதல் நடிகருக்குத் தெஸ்பிஸ் என்று பெயர் சொல்லி, கி.மு. 534ஐ ஒட்டிய காலத்தைக் குறிக்கிறது. இரண்டாம் நடிகரை எஸ்கிலசும் மூன்றாம் நடிகரைச் சோஃபக்ளீசும் சேர்த்தார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். அந்த நாடகங்கள் ஏதென்சின் டயோனிசஸ் விழாவில் போட்டியாகவே நிகழ்ந்தன என்பதும் நம் பொருளுக்கு நெருக்கமானது. நகரின் 10 பிரிவுகளிலிருந்து நடுவர்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் அளித்த வாக்குகளிலும் குடத்திலிருந்து எடுக்கப்பட்ட சிலவே எண்ணப்பட்டன.

இன்னொரு சான்று வடமொழி நாடக மரபிலுள்ள ‘பாணம்’. நாட்டிய சாத்திரம் வகுக்கும் பத்து நாடக வகைகளில் அதுவும் ஒன்று. ஓர் அங்கம், ஒரே நடிகர். விடன் என்ற பாத்திரம் தெருவில் நடந்தபடியே எதிர்ப்படுகிறவர்களோடு உரையாடுவான், ஆனால் அவர்களில் யாரும் மேடைக்கு வரமாட்டார்கள். ‘என்ன சொல்கிறாய்?’ என்று வெற்றுவெளியைப் பார்த்துக் கேட்டு, எதிராளியின் விடையையும் தானே திருப்பிச் சொல்லி, அதற்குப் பதிலும் உரைப்பான். வானத்தோடு பேசுவது என்று பொருள்படும் ‘ஆகாசபாஷிதம்’ இந்த உத்தியின் பெயர். சூத்திரகர், வரருசி, ஈசுவரதத்தர், சியாமிலகர் ஆகியோர் பெயரில் வழங்கும் நான்கு பழைய பாணங்கள் இன்றும் கிடைக்கின்றன.

ஆக, ஓராள் நாடகத்துக்கு இலக்கணம் இருந்திருக்கிறது. ஆள் ஒருவர், ஆனால் பேச்சு இருவருக்கிடையில் என்பதே அந்த இலக்கணம்.

ஜூன் 6

பரிசு பெற்ற பிரதிகள் என்று பேசும்போது, எந்த வகைப் பரிசு என்பதைப் பிரித்துக்கொள்ளாமல் ஒப்பிடுவது பிழையாகிவிடும். தாளில் எழுதியதை வாசித்துத் தரும் பரிசு ஒன்று, மேடையில் பார்த்துத் தரும் பரிசு வேறொன்று.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபின் விருது முதல் வகை. இன்னும் மேடையேறாத பிரதிக்கே அது வழங்கப்படுகிறது. சூசி மில்லரின் ‘பிரைமா ஃபேஸி’ 2018இல் அதைப் பெற்றது. 2019இல் சிட்னியில் முதன்முறையாக மேடையேறி, 2022இல் லண்டனுக்குச் சென்று, 2023இல் சிறந்த புதிய நாடகத்துக்கான பிரிட்டனின் ஆலிவியர் விருதை வென்றது. அது குறும்படைப்பு அல்ல, முழுநீள நாடகம். ஆனாலும் தாளில் வென்ற ஓராள் பிரதி மேடையிலும் வென்றதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மான்செஸ்டரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் அரங்கோடு இணைந்த ப்ரண்ட்வுட் பரிசும் தாளுக்குரியதுதான். எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாதபடி புனைபெயரிலேயே பிரதிகள் அனுப்பப்படுகின்றன.

எடின்பரோ விழாவில் ஒரு நாளிதழ் 1973 முதல் வழங்கிவரும் ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது இரண்டாம் வகை. புதிய எழுத்துக்கான விருதுதான், என்றாலும் நிகழ்வைப் பார்த்தே தருகிறார்கள். ஃபீபி வாலர்-பிரிட்ஜின் ‘ஃபிளீபேக்’ 2013இல் அதைப் பெற்றது. கதை சொல்லும் மாலை நிகழ்ச்சி ஒன்றுக்காக எழுதிய 10 நிமிடத் துண்டிலிருந்து வளர்ந்த நாடகம் அது. பத்து நிமிடங்களுக்கு ஆட்களின் முன்னால் நின்று பேசிப் பார்த்த பிறகே அது நீண்டது என்பதைக் குறும்பிரதி எழுதுகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் செவிலி நாடகம் தாளுக்குக் கிடைத்த பரிசை மேடைக்குக் கிடைத்ததாக நான் நினைத்துக்கொண்டதன் விளைவு.

ஜூன் 7

தொல்காப்பியச் செய்யுளியலை வேறு ஒரு காரணத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, இந்த விவாதத்துக்கு வேண்டியது அங்கேயே இருப்பதைக் கண்டேன். செய்யுளின் உறுப்புகளை எண்ணிச் செல்லும் நூற்பாவில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று வரிசை வருகிறது. பேசுகிறவர் யார் என்பதை அடுத்தே, கேட்கிறவர் யார் என்பது தனி உறுப்பாக நிற்கிறது. எங்கே, எப்போது, இந்தப் பேச்சால் விளைவது என்ன, பேசுகிறவரின் உடலில் தெரியும் உணர்வு எது, சொல்லாமல் விட்டது எது என்பனவெல்லாம் அதே வரிசையில் தொடர்கின்றன. ஒத்திகையில் நடிகை கேட்ட கேள்வியை நம் இலக்கணம் நூற்பாவாகவே வைத்திருந்திருக்கிறது. நான் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேனே தவிர எழுத்தில் பயன்படுத்தவில்லை.

அகப்பாடல்கள் பெரும்பாலும் ஒருவர் கூற்று. ஆசிரியர் குரல் குறுக்கே வருவதில்லை. அந்த அளவில் அவை மிகச் சிறிய ஓராள் நாடகங்கள். அவற்றில் எனக்கு இன்று பேருதவியாகத் தோன்றுவது ‘சிறைப்புறம்’ என்ற அமைப்பு. தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவன் வேலிக்கு அப்பால் மறைவில் நிற்கிறான். அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். சொற்கள் தோழியை நோக்கிச் செல்கின்றன, பொருள் வேலியைத் தாண்டிச் செல்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாடல் இப்படி அமைந்ததுதான். தலைவனைப் பழித்த தோழிக்கு, அவனோடு கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்று தலைவி விடை சொல்கிறாள். அவன் விரைந்து வந்து மணந்துகொள்ள வேண்டும் என்பது அந்த விடையின் உள்நோக்கம். நான்கே அடிகள். நேரே கேட்பவர் ஒருவர், மறைந்து கேட்பவர் இன்னொருவர், இருவருக்கும் இரண்டு பொருள்.

அதே குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாடலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். களவில் கூடிய நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை, அவன் பொய்த்துவிட்டால் தான் என்ன செய்வது என்று கேட்கும் பெண், ஓடும் நீரில் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது என்று முடிக்கிறாள். ‘பிரைமா ஃபேஸி’யின் நாயகி ஒரு வழக்கறிஞர், பாலியல் வன்முறை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடி வென்றவர், பிறகு தாமே முறையிடுபவராகச் சாட்சிக் கூண்டில் நிற்க நேரும்போது, நடந்ததைத் தம் ஒரு குரலால் மட்டுமே நிறுவ வேண்டியிருக்கிறது. வேறு சாட்சி இல்லாத உண்மைக்கு ஓராள் நாடகம் பொருத்தமான வடிவமாவது தற்செயல் அல்ல. அங்கே வடிவமே அந்தப் பெண்ணின் நிலைமை.

ஜூன் 7, பின்னிரவு

‘வடிவமே நிலைமை’ என்று எழுதியதைப் படுக்கப் போகுமுன் மறுபடி யோசித்தேன். முதற்சுற்று வாசகராக இருந்தபோது நான் நழுவவிட்ட அளவுகோல் இதுதான். இந்தக் கதையில் இரண்டாவது ஆள் ஏன் மேடையில் இல்லை என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். நடிகர் செலவு குறையும் என்பதற்காக ஒருவரை மட்டும் வைத்துக்கொண்ட பிரதி, வாசிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஜூன் 9

கேட்பவர் இல்லாமலே நிற்கும் மாபெரும் படைப்புகள் உண்டே என்று நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட்டைச் சுட்டிக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான எதிர்வாதம். இதற்கு விடை எழுத இரண்டு நாட்கள் தேவைப்பட்டன.

1958இல் லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறிய, அவருடைய கிராப் நாடகத்தில் 69 வயது மனிதர் ஒருவர், தாம் 39 வயதில் பதிவுசெய்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறார். மேடையில் ஒரே நடிகர், ஆனால் குரல்கள் இரண்டு. இளையவர் பேசும்போது முதியவர் கேட்பவர். அவர் நாடாவை நிறுத்துவதும், சலித்துக்கொள்வதும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதும் கேட்பவரின் செயல்கள். கேட்பதையே நடிப்பாக்கிய நாடகம் அது. ஆகவே அது என் வாதத்துக்கு எதிரானது அல்ல, அதன் உச்சம்.

அவருடைய ‘நாட் ஐ’ (‘நான் அல்ல’) வேறு. 1972இல் நியூயார்க்கில் முதலில் நிகழ்ந்த அந்தப் படைப்பில், இருளில் தரையிலிருந்து சுமார் 8 அடி உயரத்தில் ஒரு வாய் மட்டும் ஒளியில் தெரிகிறது; கட்டுக்கடங்காமல் பேசுகிறது. பிரதியில், பக்கவாட்டில் முக்காடிட்ட உருவம் ஒன்றும் நின்றுகொண்டு, வாய் ‘நான்’ என்று சொல்ல மறுத்து ‘அவள்’ என்றே வலியுறுத்தும் தருணங்களில் இயலாமையோடு கைகளை உயர்த்தித் தாழ்த்துகிறது. கேட்பவரை ஆசிரியர் எழுதியே வைத்திருந்தார் என்பது என் பக்கத்துக்குச் சாதகம். ஆனால் அவரே 1975இல் பாரிசில் இயக்கியபோது அந்த உருவத்தை நீக்கிவிட்டார். தொலைக்காட்சிப் பதிவிலும் வாய் மட்டுமே இருக்கிறது. இரண்டிலும் படைப்பு குலைந்துவிடவில்லை. இங்கே என் விதி தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தடுமாறினாலும் முற்றிலும் முறியவில்லை என்று நினைக்கிறேன். அந்த வாய்க்குள்ளேயே யாரோ அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ‘என்ன? யார்? இல்லை!’ என்று அது நிறுத்தி நிறுத்தி மறுப்பது, நமக்குக் கேட்காத ஒரு குரலுக்கான பதில். ஆகாசபாஷிதத்தில் விடன் எதிராளியின் சொல்லைத் திருப்பிச் சொல்வான். இங்கே பதில் மட்டும் கேட்கிறது, கேள்வி நம் காதில் விழுவதில்லை.

தன்னோடு பேசுவது பற்றி ஜூன் 3இல் எழுதியதையும் இதனால் திருத்த வேண்டியிருக்கிறது. தனக்குத்தானே பேசுவது நாடகம் ஆகாது என்ற தொனி அதில் வந்துவிட்டது. திருக்குறளின் 125ஆம் அதிகாரம் ‘நெஞ்சொடு கிளத்தல்’. அங்கே பேசுகிறவள் தன் நெஞ்சை வேறு ஆளாக எதிரே நிறுத்தி, அதனிடம் மருந்து கேட்கிறாள், அதன் பேதைமையைச் சொல்லி வாழ்த்துகிறாள், அதனோடு வாதாடுகிறாள். நெஞ்சு உடன்படாத எதிராளியாக இருப்பதால் அந்தப் பேச்சுக்கு உயிர் இருக்கிறது. என் செவிலி தன்னோடு பேசியதில் குற்றமில்லை. தன்னோடு எல்லாவற்றிலும் உடன்பட்டுக்கொண்டே பேசினாள், அதுதான் குறை.

ஜூன் 10

நேர அளவு பற்றிய உங்கள் துணைக்கேள்விக்குச் சுருக்கமாக: என் பிரதிகளை நானே வாய்விட்டு வாசித்து அளந்ததில் நிமிடத்துக்கு 100 சொற்கள் வந்தன. ஆகவே 10 நிமிடப் போட்டிக்கு 1000 சொற்கள்.

ஜூன் 10, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னது மேசையில் உட்கார்ந்து வாசிக்கும் கணக்கு. நடிகர் எழுந்து நடந்து, ஒரு பொருளை எடுத்து, நின்று, திரும்பிப் பேசும்போது 80 சொற்களுக்கு மேல் போவதில்லை என்பதே ஒத்திகை அறையில் நான் கண்டது. உங்கள் முதியவர் பொருள்களைப் பெட்டியில் அடுக்குகிறார் என்பதால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். நேரம் கடந்தால் தகுதி நீக்கம் என்று விதி இருக்கும் போட்டிகளில், நல்ல பிரதி இந்தக் கணக்குத் தவறால் வெளியேறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 13

முதற்சுற்றில் அடிக்கடி எதிர்ப்பட்ட அமைப்புகள் சில இருக்கின்றன. அவற்றைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. ஒவ்வொன்றும் கேட்பவர் வேண்டும் என்று எழுத்தாளர் உணர்ந்ததன் அடையாளம் என்பதால் எழுதுகிறேன்.

தொலைபேசி மிக அதிகம். எதிர்முனை நமக்குக் கேட்காது. பாத்திரம் அதைத் திருப்பிச் சொல்லும். பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோ எழுதி, 1930இல் பாரிசின் கொமெடி ஃபிரான்சேஸ் அரங்கில் மேடையேறிய ஓராள் நாடகம் முழுவதும் ஒரு தொலைபேசி உரையாடல்தான்: தன்னைவிட்டுப் போகும் காதலனோடு ஒரு பெண் கடைசியாகப் பேசுகிறாள். அங்கே இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது, வேறு குரல்கள் குறுக்கிடுகின்றன, அறுந்த இணைப்பு மறுபடி கிடைக்குமா என்ற அச்சத்திலேயே அவள் பேச வேண்டியிருக்கிறது. கருவி கேட்பவரைத் தரும் அதே வேளையில் பறித்தும் விடுகிறது. என் கைக்கு வந்த பிரதிகளில் தொலைபேசி ஒருமுறைகூட அறுந்ததில்லை. எதிர்முனையில் இருந்தவர் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

அடுத்தது இறந்தவரிடம் பேசுவது. படத்துக்கு முன்னால், கல்லறைக்கு முன்னால், வெற்று நாற்காலிக்கு முன்னால். இறந்தவர் இடைமறிக்க மாட்டார் என்பதால் எழுதுவதற்கு எளிது, அதனாலேயே நாடகம் தளரும். இதை நன்றாகச் செய்த ஒரு பிரதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்; அதில் பேசுகிறவர் இறந்தவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

மௌனமாக மேடையிலேயே இருக்கும் இரண்டாமவர் அரிதாக வருவார். ஸ்வீடன் நாடக ஆசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1889இலேயே இதைச் செய்துவிட்டார்: சிற்றுண்டியகத்தில் இரு பெண்கள், ஒருத்தி மட்டுமே பேசுகிறாள், மற்றவள் பார்க்கிறாள், சிரிக்கிறாள், வாய் திறப்பதில்லை, பேசுகிறவள் அந்த மௌனத்தைப் படித்தே தன் கணவனைப் பற்றிய உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். அமெரிக்க நாடக ஆசிரியர் ஓநீல் 1916இல் எழுதிய ஒரு சிறு நாடகத்தில் மனைவி பேசிக்கொண்டே இருக்கிறாள். அறைக்கு அப்பால் இருக்கும் கணவனின் கை மட்டும் ஒருமுறை வெந்நீர்க் கிண்ணத்தை வாங்க நீள்கிறது. முதல் தயாரிப்பில் அந்தக் கை ஓநீலுடையதுதான். ஒரு கை தெரிந்துவிட்டால், அதன்பிறகு அவள் சொல்லும் ஒவ்வொரு சுடுசொல்லும் போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரிகிறது. போட்டி விதி ‘ஒரு நடிகர் மட்டும்’ என்றால் இவை இரண்டும் தள்ளுபடி ஆகக்கூடும் என்பதால் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒருவரே பலராக மாறி நடிப்பது முற்றிலும் வேறு வகை. 2004இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு பெற்ற டக் ரைட்டின் நாடகத்தில் ஒரே நடிகர் 30க்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஏற்கிறார். அங்கே கேட்பவரைத் தேட வேண்டிய தேவையே இல்லை, அவர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள். 12 நிமிடங்களில் அதைச் செய்ய முயன்ற பிரதிகளில் குரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதையே கண்டேன்.

ஜூன் 15

நேற்று நீங்கள் அனுப்பிய பிரதியை இருமுறை வாசித்தேன். ஏழாம் நிமிடத்தில் வரும் மூக்குக்கண்ணாடிப் பகுதி மிகச் சிறப்பாக இருக்கிறது. அண்ணனின் கண்ணாடியைத் தாம் போட்டுப் பார்த்து, இந்த மங்கலிலா இத்தனை காலம் தன் கடிதங்களை வாசித்தான் என்று முதியவர் நிற்கும் இடத்தில் நானும் நின்றுவிட்டேன். நடுவர் அந்த இடத்தைக் கடந்துபோனது வருத்தமளிக்கிறது.

மற்றப் பொருள்கள் எல்லாம் ஒரே விதமாக நடந்துகொள்கின்றன. எடுக்கிறார், கதை சொல்கிறார், பெட்டியில் போடுகிறார். ஐந்தாவது பொருளில் அவைக்கு ஒழுங்கு புரிந்துவிடும். பெட்டிக்குள் போக மறுக்கும் பொருள் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

அடுத்த அறையில் அண்ணன் மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஒருக்களித்திருக்கிறது. முதியவர் பொருள்களோடு பேசுவதுபோல் பேசுகிறார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவளுக்காகச் சொல்லப்படுகிறது. அண்ணனோடு தாம் பேச்சை நிறுத்திக்கொண்ட ஆண்டுகளுக்கு அவள் மன்னிப்பு வழங்க வேண்டும் என்பது அவர் தேவை. சிறைப்புறம் அப்படியே பொருந்துகிறது.

ஜூன் 16

நேற்றைய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது என் நாடகம், உங்களுடையது அல்ல. உங்கள் பிரதியில் சகோதரர்கள் பேச்சை நிறுத்தியதாக எங்கும் இல்லை. நான் என் வசதிக்காக ஒரு பகையை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். முன்பு ஒரு போட்டியின் ஏற்பாட்டாளர்கள் என் பிரதியின் முடிவை என்னைக் கேட்காமலே மாற்றி மேடையேற்றினார்கள். அவையில் உட்கார்ந்து அதைப் பார்த்த நாளின் வலி எனக்கு இன்னும் இருக்கிறது. அதையே உங்களுக்குச் செய்யக் கூடாது.

பெட்டிக்குள் போக மறுக்கும் பொருள் வேண்டும் என்று சொன்னதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். அது உங்கள் மூக்குக்கண்ணாடியாகவே இருக்கலாம். அதைப் போட்டுக்கொண்ட பிறகு அவர் ஏன் உடனே கழற்றிவிடுகிறார்?

ஜூன் 21

கண்ணாடியைக் கழற்றாமலே மீதிப் பொருள்களை அவர் எடுக்கிறார், ஒவ்வொன்றும் மங்கலாகத் தெரிவதால் தொட்டுப் பார்த்தும் கண்ணருகே கொண்டுபோயும்தான் அடையாளம் காண்கிறார் என்று மாற்றியிருக்கிறீர்கள். இப்போது கேட்பவர் யார் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அண்ணனின் கண்ணுக்குள் இருந்துகொண்டு பேசுகிறார். இத்தனை நாட்களாக நான் எழுதிய எதிலும் இந்த வழி இல்லை.

ஒரு திருத்தம் மட்டும். இறுதியில் ‘இப்போதுதான் உன்னைப் புரிந்துகொண்டேன்’ என்று அவர் சொல்லும் வரியை நடிகரிடம் விட்டுவிடுங்கள். அதை அவர் சொல்லாமலே அவை கேட்டுவிடும்.

ஜூன் 30

ரஷ்ய எழுத்தாளர் செக்கவ் புகையிலையின் தீமை பற்றிய தம் ஓராள் நாடகத்தை 1886இல் முதலில் எழுதி, இடையில் பலமுறை திருத்தி, 1902இல் ஏறக்குறையப் புதிதாகவே எழுதினார். இறுதி வடிவத்தில் சொற்பொழிவாளர் அவையிடம் தம் வாழ்க்கைத் துயரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, மேடைப் பக்கத்தில் மனைவி வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவசரமாகப் புகையிலைக்குத் திரும்புகிறார். கேட்பவர் மாறியவுடன் பேச்சு மாறுகிறது. ஜூன் 7இல் எழுதிய வேலி மறைவு அங்கேயும் இருக்கிறது, ஆனால் திசை எதிர். மறைவில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற அச்சம்.

அதை வாசித்த பிறகு செவிலியின் பிரதியை வெளியே எடுத்தேன். இப்போது அவள் தன் இடத்துக்கு வந்திருக்கும் இளம் செவிலியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறாள். பிறப்புப் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுகிறாள். இளையவள் கேட்கிறாள், அந்தக் கேள்வி நமக்குக் கேட்பதில்லை, “இல்லையே, ஒட்டிக்கொண்டிருந்தது” என்ற விடை மட்டும் கேட்கிறது. பழைய பிரதியில் நான் பெருமையாக நினைத்த குழந்தைக் கதைகளில் ஆறு போய்விட்டன. 15 நிமிடம் 11 ஆகிவிட்டது.

அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட நடிகைக்கு அனுப்பினேன். அவர் நேற்று எழுதிய பதிலில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: சேர்ந்து புரண்ட அந்தத் தாளில் இருக்கும் பெயர் இளையவளுடையதா? நான் அப்படி நினைத்து எழுதவில்லை. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.